குண்டு வரைந்த எல்லையும் சட்டம் வரைந்த எல்லையும்

அச்சமின்றி உறங்குதல், உழைத்துச் சேர்த்த பொருள் களவு போகாதிருத்தல், வணங்கும் இடத்தில் அமைதியாக வணங்குதல்: இவையே மனிதன் அரசிடம் முதன்முதலாகக் கேட்ட வரங்கள். மக்கமா நகருக்காக நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் கையேந்தியபோது, அந்நகரை அச்சமற்ற நகராக்க வேண்டும் என்றே முதலில் இறைஞ்சினார்கள். கனிகளைப் பற்றிய வேண்டுதல் அதற்குப் பின்னரே வந்தது. அச்சத்தோடு உண்ணும் உணவு உடம்பில் ஒட்டாது என்பதை நம் பாட்டிமார்களும் அறிவர்.

ஆனால் இந்த வரத்தை அரசுகள் எவ்வாறு வழங்குகின்றன? காவல் என்னும் பெயரால் ஒரு சட்டம் பிறக்கிறபோது அது யாரைக் கேட்டுப் பிறக்கிறது? காவலின் வட்டம் எவ்வளவு தூரம் நீளலாம்? அதன் எல்லையை வரைபவர் யார்? அரசறிவியல் கற்போர்க்கு மட்டுமே உரிய வினாக்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. நெல்லிக்குப்பத்திலிருந்து கிழக்கே தேவனாம்பட்டினத்துக் கடற்கரையையும் தென்மேற்கே நெய்வேலிச் சுரங்கத்தையும் நோக்கினாலே போதும். மூன்று நூற்றாண்டுக் காலப் பாதுகாப்புக் கொள்கையின் வரலாறு இவ்விரண்டு ஊர்களுக்கிடையே விரிந்து கிடப்பதைக் காணலாம்.

பீரங்கி வரைந்த வட்டம்

1690ஆம் ஆண்டு. செஞ்சியில் மராட்டியர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையோடு சேர வேண்டிய நிலத்தின் அளவை எப்படிக் கணிப்பது? விற்பனை ஒப்பந்தம் அதற்கு ஒரு விந்தையான வழி சொல்லிற்று. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுமோ, அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம்!

நல்ல பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரனையும் தேடிக் கொண்டுவந்து திசைதோறும் சுட்டனர். கடலூர்ப் பட்டணமும் அவ்வட்டத்துள் அடங்கிற்று. குண்டு விழுந்த தூரத்திற்குட்பட்ட ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. அவ்வூர்களில் உழுதவர், நெய்தவர், வலைவீசியவர் எவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் ஒரு ஆட்சியின் குடிகளாக எழுந்தவர்கள், பீரங்கி முழங்கி ஓய்ந்தபோது வேறொரு ஆட்சியின் குடிகளாயினர்.

அந்தக் கோட்டை நெடுங்காலம் நிற்கவில்லை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக அது விளங்கிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைப் பிடித்து இடித்துத் தள்ளினார். வலிமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வரைந்த எல்லையை, அதனினும் பெரிய வலிமை வந்து அழித்துவிட்டது.

கலந்து தோண்டிய அகழ்

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை நம் சமுதாயம் குழந்தைப் பருவம் முதலே கேட்டு வளர்ந்திருக்கிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல், பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை நோக்கித் திரண்டு வந்தது. காக்க நின்றவர்கள் மூவாயிரம் பேர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், அரபு நாடு அதுவரை கண்டிராத ஒரு யோசனையைச் சொன்னார்கள். நகரின் மற்றப் பக்கங்களை எரிமலைப் பாறைகளும் பேரீச்சந்தோப்புகளும் காத்து நின்றமையால், திறந்து கிடந்த வடபுறத்தில் அகழ் தோண்டலாம் என்பதே அது. யோசனை ஏற்கப்பட்டது. அண்ணலார் தாமே மண் சுமந்தார்கள்.

இதில் மூன்று செய்திகள் உள. புதிய ஆபத்துக்குப் புதிய வழி தேடப்பட்டது. அவ்வழி கலந்தாலோசனையில் பிறந்தது. அதன் சுமையைத் தலைவரும் மக்களும் ஒருங்கே சுமந்தனர். திருமறையின் 42ஆம் அத்தியாயம் கலந்தாலோசனையாகிய ஷூராவின் பெயரையே தாங்கி நிற்கிறது. பாதுகாப்புக் கொள்கை எதனையும் எடைபோட நமக்கு இவ்விரண்டு காட்சிகளும் போதும். ஒன்று பீரங்கி வரைந்த வட்டம். மற்றொன்று கலந்து தோண்டிய அகழ். இனிப் பிற்கால வரலாற்றுக்கு வருவோம்.

நிலக்கரியும் நெருப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை அமைத்தனர். 1842ஆம் ஆண்டினை அதன் தொடக்கமாகக் கூறுவர். அந்நாளில் ஆலைக் காவல் என்றால் வாயிலில் ஒரு காவற்காரர், கையில் ஒரு தடி, அவ்வளவே. தொழில் முதலாளியுடையது, காவலும் அவர் பொறுப்பு.

நெய்வேலியின் கதை வேறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அரசு நிறுவனமாகப் பதிவாயிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி தென்பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு இயங்கத் தொடங்கிற்று. தமிழகத்தின் விளக்குகள் பல ஒரே வளாகத்தை நம்பி எரியும் காலம் வந்தது. அவ்வளாகத்தின் வாயிலில் தடி ஊன்றிய காவற்காரர் மட்டும் போதுமா என்ற வினாவும் கூடவே எழுந்தது.

விடை வேறொரு மாநிலத்திலிருந்து வந்தது. 1964 ஜனவரியில் ராஞ்சியிலிருந்த கனரகப் பொறியியல் நிறுவனத்தில் பெருந்தீ மூண்டது. அரசு நீதிபதி முகர்ஜி அவர்களைக் கொண்டு விசாரணை நடத்திற்று. அரசுத் தொழிற்சாலைகளைக் காப்பதற்கு ஒழுங்கான தனிப்படை வேண்டும் என்ற கருத்து அவ்விசாரணையின் வழியே வலுப்பெற்றது. 1966இல் மசோதா கொண்டுவரப்பட்டது. உடனே நிறைவேற்றப்படாமல், இரு அவைகளின் கூட்டுக் குழுவின் ஆய்வுக்குச் சென்றது. 1968 இறுதியில் சட்டமாகி, 1969 மார்ச் 10ஆம் நாள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை உருவாயிற்று. தொடக்கத்தில் அதில் இருந்தோர் சுமார் மூவாயிரம் பேர். பின்னர் நெய்வேலியின் வாயில்களிலும் அப்படையே காவல் நின்றது.

தீ மூண்டதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள்! இது சோம்பல் என்று சிலர் கூறலாம். அப்படியன்று. நிகழ்ச்சி, விசாரணை, மசோதா, குழு ஆய்வு, விவாதம் என்று படிப்படியாக நடந்து வந்தமையால் அச்சட்டத்தில் எல்லைக் கோடுகளும் இடம்பெற்றன. ஆணைப்பத்திரமின்றிக் கைது செய்யும் அதிகாரம் படைக்கு உண்டு; ஆனால் கைது செய்யப்பட்டவரைத் தாமதமின்றிக் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதாவது காவல் காப்பவரே குற்றத்தை விசாரிப்பவராகவும் ஆகிவிடலாகாது. இக்கோட்டை வரைந்தது பீரங்கியன்று, விவாதம்.

கேட்கப்பட்ட கேள்விகள்

அவ்விவாதம் எளிதாகவும் இருக்கவில்லை. பொது அமைதியும் காவல்துறையும் அரசியலமைப்பின்படி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலத்தின் மண்ணில் மத்தியின் படை நின்றால் யார் யாருக்கு விடை சொல்வது? தமிழகத்தில் 1969இல் அமைக்கப்பட்டு 1971இல் அறிக்கை தந்த இராஜமன்னார் குழு இதனையும் ஆராய்ந்தது. மாநிலத்தின் வேண்டுகோளோ இசைவோ இன்றி மத்தியப் படைகளை அனுப்பலாகாது என்பது அதன் கருத்து. ஆனால் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேறிய 42ஆவது திருத்தம், மாநிலங்களுக்குப் படை அனுப்பும் அதிகாரத்தை மத்தியப் பட்டியலில் சேர்த்தது. 1983இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம், முன்கூட்டிக் கலந்தாலோசிப்பது விரும்பத்தக்கது, ஆயினும் கட்டாயமன்று என்று நடுவழி கண்டது. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். எந்த விடை நிலைத்தது என்பதை அந்தந்தக் காலத்தின் அரசியற் சூழ்நிலையே முடிவு செய்தது.

காவல் நின்றவர்களும் மனிதர்களே என்பதையும் அரசு காலங்கடந்தே உணர்ந்தது. 1979இல் அப்படையினர் தம் பணிநிலைமைகளை முன்னிட்டுக் கிளர்ச்சி செய்தனர். பொகாரோவில் இராணுவம் அழைக்கப்பட்டு, உயிர்கள் பலியாயின. 1983இல் சட்டம் திருத்தப்பட்டு, அப்படை நாட்டின் ஆயுதப் படைகளுள் ஒன்றாயிற்று. கட்டுப்பாடு இறுகியது. குறைகேட்கும் வழி அதே அளவு விரிந்ததா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

அதன்பின் படையின் வட்டம் விரிந்துகொண்டே சென்றது. 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. 2000 முதல் விமான நிலையங்களின் காவல் இப்படையிடம் வந்தது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும், ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியோர்களும் பயணச் சோதனையின்போது காண்பது ராஞ்சித் தீயில் பிறந்த அதே படையைத்தான். 2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த கொடிய தாக்குதலுக்குப் பின், 2009ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் நிறுவனங்களுக்கும் அப்படையை அனுப்ப வழி திறந்தது.

அவசரத்தில் பிறந்தவை

இவ்வளவு நிதானம் எல்லாச் சட்டங்களுக்கும் வாய்க்கவில்லை. 1985 மே மாதம் டில்லியிலும் அண்டை மாநிலங்களிலும் வானொலிப் பெட்டிகளுக்குள் வெடிகுண்டு வைத்து அப்பாவிகளைக் கொன்றனர். அம்மாதத்திலேயே தடா சட்டம் நிறைவேறிற்று. அதில் இருந்த நல்ல அம்சம் ஒன்றே: இரண்டாண்டுக் காலவரையறை. ஒவ்வொரு முறை நீட்டிக்கும்போதும் நாடாளுமன்றம் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1994இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் தவறாகப் பயன்படாதபடி மறுஆய்வுக் குழுக்கள் வேண்டும் என்றது. பிடிபட்டோர் பல்லாயிரவர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரோ மிகச் சிலர். 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, அதனைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதத்தில் அச்சட்டம் காலாவதியாயிற்று. கலவரமின்றி, ஒரு காலக்கெடுவும் ஒரு கடிதமும் சேர்ந்து சாதித்த காரியம் அது.

2002இல் பொடா சட்டத்தை மாநிலங்களவை ஏற்க மறுத்தது. இரு அவைகளின் கூட்டு அமர்வைக் கூட்டி அதனை நிறைவேற்றினர். 2004இல் அது நீக்கப்பட்டது. ஆனால் அதன் பிரிவுகள் பல, 1967ஆம் ஆண்டுச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் திருத்தங்களாகக் குடியேறின. 2008 டிசம்பரில், மும்பையின் துயரம் ஆறுமுன்னே, தேசியப் புலனாய்வு முகமைச் சட்டமும் அத்தடுப்புச் சட்டத்தின் புதிய திருத்தமும் இரண்டே நாட்களில் இரு அவைகளையும் கடந்தன. 2019இல் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரமும் சேர்ந்தது. தடாவுக்கும் பொடாவுக்கும் இருந்த காலக்கெடு இந்தச் சட்டத்துக்கு இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்தது நிரந்தரக் குடியாகிவிட்டது.

இது நமக்கு ஏட்டுச் செய்தியன்று. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அவ்வுயிர்கள் எச்சமயத்தவருடையவை ஆயினும் அவை இறைவன் தந்த அமானிதங்களே. அக்கொடுமையை இஸ்லாத்தின் பெயரால் நியாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. குற்றவாளிகள் எனக் கண்டவர்களுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதே வழக்கில், கேரளத்தைச் சேர்ந்த அப்துல் நாசர் மஅதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்? குண்டு வைத்தவனைப் பிடிக்கும் சட்டம் வேண்டும். வைக்காதவனை விரைவில் விடுவிக்கும் சட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்பவர் பாதுகாப்பின் பாதியை மட்டுமே கேட்கிறார்.

வாயிலும் கொதிகலனும்

மீண்டும் நெய்வேலிக்கு வருவோம். 2014 மார்ச் மாதத்தில், இரண்டாம் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் காவல் நின்ற படைவீரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நுழைவது பற்றி எழுந்த வாக்குவாதம் உயிரில் முடிந்தது. வீரர் கைது செய்யப்பட்டார், நகரியம் கொந்தளித்தது. எந்தச் சுரங்கத்தைக் காக்கப் படை வந்ததோ, அந்தச் சுரங்கத்தில் உழைத்தவரே அதன் துப்பாக்கிக்கு இரையானார். நிரந்தரத் தொழிலாளி யார், ஒப்பந்தத் தொழிலாளி யார், எவருக்கு எந்த அடையாளச் சீட்டு, எப்போது துப்பாக்கியைத் தொடலாம் என்னும் சிறிய விதிகளை அலுவலகத்து மேசையில் எழுதுகிறோம். அவற்றின் விலையை வாயிலில் நிற்பவர் கொடுக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, இப்படை அதன் பொதுவிதியிலிருந்து விலக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய புகார்களுக்கு அவ்விலக்குப் பொருந்தாது. இந்தச் சிறு சாளரம் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2020ஆம் ஆண்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மே 7ஆம் நாளும் ஜூலை 1ஆம் நாளும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. இரண்டிலுமாகப் பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். வாயிலில் ஆயுதக் காவல் குறைவின்றி இருந்தது. ஆபத்து வாயில் வழியே வரவில்லை; உள்ளிருந்தே வெடித்தது. தமிழில் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் பகைவனிடமிருந்து காப்பதையும் விபத்திலிருந்து காப்பதையும் குறிக்கிறோம். மொழி ஒன்றாகக் கண்டதை நிர்வாகம் இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் படையையும் மற்றொன்றுக்கு விசாரணைக் குழுவையும் தருகிறது.

கண்ணுக்குத் தெரியாத வாயில் ஒன்றும் இப்போது உண்டு. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளைத் தீய நிரல் ஒன்று தாக்கியதாகச் செய்தி பரவியது. முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாள் அணுமின் கழகம், நிர்வாகக் கணினி ஒன்றில் அது புகுந்தது உண்மையே என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனித்திருப்பதால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. கணினிப் பாதுகாப்பு முகமை செப்டம்பர் 4ஆம் நாளே இதனை எச்சரித்திருந்தது. மறைத்ததால் பகைவனுக்கு நட்டமில்லை. அவனுக்குத்தான் முன்பே தெரியுமே! அறியாதிருந்தவர்கள் பக்கத்து ஊர்களின் மக்கள் மட்டுமே. ஒரு நாள் மறுப்பு, அதன்பின் வரும் நூறு உண்மை அறிவிப்புகளின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது.

நம் கடமை

மேலே கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஆபத்து வந்தபின்தான் அரசுகள் பெரும்பாலும் விழித்துக்கொள்கின்றன. அதனைத் தவிர்க்க முடியாது. ஆனால் விழித்தபின் எப்படி நடக்கின்றன என்பதில் வேறுபாடு உண்டு. விசாரித்து, கலந்து, விவாதித்து இயற்றிய சட்டத்தில் அதிகாரத்துக்கு வரம்பு இருந்தது. காலக்கெடு வைத்த சட்டம் தவறானபோது தானே விலகிற்று. சினத்தின் சூட்டில் காலக்கெடுவும் இன்றி இயற்றியது மட்டும் குண்டுக் கிராமத்து வட்டம் போல, எட்டிய தூரத்தையெல்லாம் தனதாக்கிக்கொள்கிறது.

2014 பிப்ரவரியில் மத்திய அரசு, மசோதாக்களின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துக் குறைந்தது முப்பது நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தது. அது சட்டமன்று, மீறினால் தண்டனையும் இல்லை. ஆயினும் திறந்திருக்கும் கதவு அது. நம் ஜமாஅத்துகளில் வழக்கறிஞர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, நெய்வேலியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பொறியாளர்களும் உண்டு. ஒரு வரைவு வெளிவரும்போது அவர்கள் கூடிப் படித்து, இந்த அதிகாரத்துக்குக் காலக்கெடு எங்கே, மறுஆய்வு செய்பவர் யார், தவறாகப் பிடிபட்டவருக்கு வழி என்ன என்ற மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினால் போதும். சட்டம் வந்தபின் அழுவதைவிட, வருமுன் கேட்பது கண்ணியமானது.

நம் இளைஞர்களும் இத்துறையைக் கற்க முன்வர வேண்டும். பொது நிர்வாகம், சட்டம், கணினிப் பாதுகாப்பு ஆகியவற்றில் தேர்ந்தவர்களே நாளைய விசாரணைக் குழுக்களிலும் ஆலோசனை மன்றங்களிலும் அமர்வார்கள். அங்கே அமர்ந்து, நாட்டின் காவலும் குடிமகனின் மானமும் ஒன்றுக்கொன்று பகையன்று என்று அறிவோடு எடுத்துச் சொல்லும் குரல் தேவை. மதீனாவைக் காத்த யோசனை, நேற்று வந்து சேர்ந்த ஓர் அந்நியரிடமிருந்து வந்தது. சபையில் அவருக்கும் இடம் இருந்தது. அவர் சொல் கேட்கப்பட்டது. அத்தகைய இடத்தை எல்லோர்க்கும் தரும் நாட்டில் காவலின் எல்லையைக் கலந்தாலோசனை வரையும். தராத நாட்டில் அதனைப் பீரங்கிதான் வரையும்.